வேலை முடிந்தும் நிற்கும் வேகப் பலகை

திருத்துறைப்பூண்டி வழியாக ரயிலும் போகிறது, லாரியும் பேருந்தும் போகின்றன. வேலை நடக்கும் இடத்தில் மெதுவாகப் போகச் சொன்னால் ரயில் ஓட்டுநர் கேட்கிறார். சாலையில் அநேகமாக யாரும் கேட்பதில்லை. ரயில்காரர் சாது, லாரிக்காரர் முரடர் என்று சொல்லி முடித்துவிடலாம். அது சோம்பேறித்தனமான விளக்கம்.

2019-இல் அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய திருவாரூர்–காரைக்குடி தடமானாலும் சரி, 2023 ஏப்ரலில் மறுபடி ரயிலைப் பார்த்த அகஸ்தியம்பள்ளி தடமானாலும் சரி, தண்டவாள வேலை என்றால் ஓட்டுநர் கைக்கு ‘காஷன் ஆர்டர்’ என்ற தாள் வந்துவிடும். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, எவ்வளவு வேகம் என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பாதையோரம் எச்சரிக்கைப் பலகை, அடுத்து வேகப் பலகை, கடைசியில் கட்டுப்பாடு முடிந்ததைச் சொல்லும் பலகை. மீறினால் எஞ்சினில் பதிவாகும் வேகமே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. கட்டுப்பாடு நீடித்தால் வண்டிகள் தாமதமாகும். ஆகவே அதை எப்போது எடுப்பீர்கள் என்று ரயில்வேக்குள்ளேயே கேட்க ஆள் இருக்கிறது.

சாலைக்கு வாருங்கள். வாய்க்காலுக்கு வாய்க்கால் சிறுபாலம் இருக்கும் ஊர்ப்பக்கம் இது. ஏதாவது ஒரு பாலத்தை எங்காவது இடித்துக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். நாலு டிரம், மணல் மூட்டை, ‘30’ என்று ஒரு பலகை, பக்கத்தில் மண் போட்ட மாற்றுப்பாதை. ஐப்பசி மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். பலகை நிற்காமல் இருக்குமா? ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை. “வேலையே நடக்கல, எதுக்கு மெதுவா போவணும்?” என்கிறார் ஓட்டுநர். நாலு இடத்தில் பலகை பொய்யாகிப்போனால், ஐந்தாவது இடத்தில் ஜல்லி பரப்பும் பெண்கள் நிற்கும்போதும் அவர் கால் பிரேக்குக்குப் போவதில்லை. தனியார் பேருந்துக்கு டைமிங் நெருக்கடி, லாரிக்குக் கொள்முதல் நிலைய லோடு. பின்னால் வருபவன் ஹாரனை அழுத்தினால், குறைக்க நினைத்தவரும் குறைக்க மாட்டார்.

ஓட்டுநர் பக்கம் நியாயம் இருப்பதால் கணக்கு மாறிவிடாது. இரண்டு கிலோமீட்டர் வேலைப் பகுதியை 80-இல் கடந்தால் ஒன்றரை நிமிடம், 40-இல் கடந்தால் மூன்று நிமிடம். மிச்சம் ஒன்றரை நிமிடம்தான். அதே 80-இல், ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கும் ஒன்றரை விநாடிக்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். 40-இல் 17 மீட்டர்தான். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ, 40-இல் ஓடுவதைப்போல 80-இல் நான்கு மடங்கு. இதுவும் காய்ந்த தார்ச் சாலைக்கு. ஜல்லிப் பொடியிலும், தை மாசியில் சாலையில் உலர்த்தும் நெல்லின் மீதும் சக்கரம் வழுக்கும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வெறும் பலகைக்கு ஓட்டுநர்கள் அதிகம் அசைவதில்லை என்பது உலகமெங்கும் ஆய்வுகள் கண்ட விஷயம். கண்ணில் படும் தொழிலாளி, குறுகும் பாதை, போலீஸ் வண்டி, கேமரா, இவற்றுக்குத்தான் கால் தளர்கிறது. பிரிட்டனில் வேலைப் பகுதி நெடுக சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் உண்டு. அங்கேயே 2020-இல், பாதுகாப்பான இடங்களில் மட்டும், மணிக்கு 50 மைல் என்ற வரம்பை 60 ஆக்கினார்கள். காரணமில்லாத இடத்தில் இறுக்கிப் பிடித்தால், காரணம் இருக்கும் இடத்திலும் மதிப்புப் போய்விடும். நம் சாலையில் நடுத்திட்டு கிடையாது, சைக்கிளும் ஆடும் குறுக்கே வரும். ஆகவே வரம்பை உயர்த்துவது இங்கே பொருந்தாது. தேவையில்லாத நாளில் பலகையை எடுத்துவைப்பது பொருந்தும்.

சட்டத்திலும் இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவுப்படி வேக வரம்பை மாற்ற அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காத கட்டுப்பாட்டுக்கு மட்டும் அந்த அறிவிப்பு தேவையில்லை. தற்காலிகம் என்றால் தற்காலிகமாகவே இருக்கட்டும் என்று எழுதியதுபோல் இருக்கிறது. வேலைப் பகுதியை முன்னெச்சரிக்கை, பாதை மாற்றம், வேலை நடக்கும் இடம், முடிவு என்று நான்காகப் பிரித்து, எங்கே எதை வைப்பது என்று சொல்லும் வழிகாட்டி நூலை இந்தியச் சாலைப் பேரவையும் வெளியிட்டிருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் முதல் பலகையோடு சரி. கட்டுப்பாடு முடிந்தது என்ற பலகையைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம்.

வேகத்துக்கான அபராதம் 2019 திருத்தப்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். சாலைப் பாதுகாப்புத் தரத்தைக் கைவிடும் ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் 198ஏ பிரிவில் ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால் அது பாய்வதற்கு யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது ஊனமாகியிருக்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் பலகையைப் போட்டுவிட்டுப் போனவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.