காரைக்காலில் காற்றுதான் ஏற்றம்

காரைக்கால் பகுதியின் மொத்தப் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். அரசலாறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து சைக்கிளில் கிளம்பினால், வடக்கே போனாலும் தெற்கே போனாலும் மேற்கே போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். மூன்று பக்கம் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். நான்காவது பக்கம் வங்கக்கடல். நான் இங்கே பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை நாளென்றால் விடியும் முன்பே கியர் சைக்கிளோடு சாலையில் இருப்பேன்.

வெளியூர் சைக்கிள் நண்பர்கள் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “ஒரு மேடுகூட இல்லையே டீச்சர், இங்க ஓட்டி கால் எப்படிப் பழகும்?” கொல்லிமலைக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்கள்தான். ஆனால் மலை ஏறினால் உச்சி வரும், அதன் பிறகு இறக்கம் வரும். கடலோரச் சமவெளியின் எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. திரும்பினால்தான் விடுதலை.

இதன் கணக்கு எளிது. காற்றின் தடை, வேகத்தின் இருமடியாக ஏறும். காற்றே இல்லாதபோது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்பில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. அதே வேகத்தில் தொடர்ந்து போக, காற்றோடு மட்டும் நான்கு மடங்கு போராட வேண்டும். அதனால்தான் எதிர்காற்றில் வேகத்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறேன். கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, பெடலைச் சீராகச் சுற்றினால் போதும். வேகம் குறைந்தால் குறையட்டும்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர் என் அப்பா. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்று எனக்குத் திசைகளையே காற்றின் பேரால்தான் சொல்லிக்கொடுத்தார். சைக்கிள் வழியைத் தேர்ந்தெடுக்க இன்றும் அந்தப் பாடம்தான் உதவுகிறது. போகும்போது காற்றை எதிர்த்துப் போக வேண்டும், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதற்கும் வழிகளைப் பிரித்துவிடலாம்.

வாடையில் வடக்கே

மழைக்காலம் ஓய்ந்த பின் தை, மாசியில் வாடை அடிக்கும்போது தரங்கம்பாடிப் பக்கம் போகலாம். கோட்டுச்சேரி, பூவம் தாண்டி நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் பொறையாறு, அடுத்தது தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் இங்கே வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1845இல் இந்த ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. கோட்டைக்கு அருகில், கடல் அரித்துத் தின்றது போக மிஞ்சியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். கால் வலு உள்ளவர்கள் திருக்கடையூர் வழியாகக் காவிரி கடல் சேரும் பூம்புகார் வரை போகலாம்.

இது சம்பா அறுவடைக் காலமும்கூட. உள்சாலைகளில் நெல் காயப் போட்டிருப்பார்கள். நெல் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அதைவிட முக்கியம், அது ஒரு குடும்பம் ஆறு மாதம் உழைத்து எடுத்த விளைச்சல். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

சோழகத்தில் தெற்கே

பங்குனி பிறந்தால் காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கும். அப்போது திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் வழியாக நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களும் வெகுதூரத்திலிருந்தே கண்ணில் படும். கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் ஒரே காலைப் பயணத்தில் அடங்கும் இந்தச் சாலையில் நடந்து போகும் வேண்டுதல்காரர்கள் நிறையப் பேர். அவர்களைக் கடக்கும்போது மணியடித்து, ஒதுங்கி, மெதுவாகப் போங்கள்.

அழகான வழி இது. கவனம் அதிகம் வேண்டிய வழியும் இதுதான். வாஞ்சூர் அருகே காரைக்கால் துறைமுகம் 2009இல் செயல்படத் தொடங்கியதிலிருந்து நிலக்கரி லாரிகள் இந்தச் சாலையில் ஓடுகின்றன. பெரிய லாரி உரசுவதுபோல் கடந்து போகும்போது முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். ஹேண்டிலை இறுக்காமல், இரண்டு கையாலும் நேராகப் பிடித்திருக்க வேண்டும். எல்லையில் மதுக்கடைகளும் இருப்பதால் மாலைக்குப் பிறகு இந்தப் பக்கம் சைக்கிளில் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

கச்சானில் மேற்கே

ஆனி, ஆடியில் மேல்காற்று. எனக்கு மிகவும் பிடித்த வழி இந்தக் காலத்துக்கு உரியது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கடைமடையான எங்களிடம் வந்து சேர்ந்ததும் குறுவை நடவு தொடங்கும். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாகப் பேரளம் வரை போனால், போகிற வழியெல்லாம் வாய்க்காலும் நடவும்தான். சேற்றில் நிற்கும் பெண்கள் “எங்கம்மா இவ்வளவு வெள்ளன?” என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுப் போனால் அந்த நாளே நன்றாக இருக்கும். பேரளத்தை ஒட்டியே திருமீயச்சூர் லலிதாம்பிகை கோயில். இன்னும் கொஞ்சம் போனால் பூந்தோட்டம், கூத்தனூர் சரஸ்வதி கோயில். சனிக்கிழமை மட்டும் இந்த வழி வேண்டாம். சனீஸ்வரரைப் பார்க்க வரும் வண்டிகளால் திருநள்ளாறு திணறிவிடும்.

எந்த மாதமானாலும் ஒன்று பொது: விடியும் முன்பே கிளம்புங்கள். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்வதால் காலையில் நிலக்காற்று மெல்ல வீசும். வெயில் ஏறியதும் நிலம் சுட்டு, முற்பகலில் கடல்காற்று உள்ளே புகும். காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்பினால் வெயிலும் மிச்சம், கடல்காற்றோடு மல்லுக்கட்டும் வேலையும் மிச்சம். முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், தண்ணீர், ஒரு மாற்று டியூப் இருக்கட்டும். சாலையோரச் சீமைக்கருவேல முள் எந்த டயரையும் விடாது. கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் உப்பு செயினைத் தின்றுவிடும். அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தச் சாலைகளில் எங்களைப்போல் ஆசைக்கு ஓட்டுபவர்கள் சிலர்தான். கேரியரில் மண்வெட்டி கட்டிப் போகும் விவசாயத் தொழிலாளி, மீன் கூடையோடு போகிறவர், புத்தகப்பையோடு போகும் என் பள்ளிப் பிள்ளைகள், இவர்கள்தான் இங்கே உண்மையான சைக்கிள்காரர்கள். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் வண்டிகளின் வேகம் கூடுகிறது. ஓரத்தில் இவர்களுக்கு மண்ணும் ஜல்லியும்தான் மிஞ்சுகிறது. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஓரத்தைத் தாரிட்டு, மணல் சேராமல் கூட்டி, கோடு போட்டுக் கொடுத்தால் போதும். சாலை போடுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டும்; ஊராட்சிகளும் பெற்றோரும் கேட்டு வாங்க வேண்டும்.

வழிகளைத் தெரிந்துகொள்ள விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. வீட்டில் நிற்கும் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்து, வரும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் பத்து கிலோமீட்டர் போய்வாருங்கள். புறப்படும் முன் வாசலில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமே போங்கள்.