இலைச்சருகும் இருப்புப்பாதையும்

பிரிட்டனில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் ரயில்கள் தாமதமாவதற்குத் தண்டவாளத்தில் விழும் இலைகளைக் காரணமாக நிர்வாகம் அறிவிப்பதும், பயணிகள் அதைச் சாக்குப்போக்கு என்று கேலி செய்வதும் நெடுங்கால வழக்கம். பல நூறு டன் எடையுள்ள வண்டியை உதிர்ந்த இலை என்ன செய்துவிடும் என்ற ஐயம் இயல்பானதே. ஆயினும் எஃகுச் சக்கரம் ஒவ்வொன்றும் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர்தான் என்பதால், வண்டி கிளம்புவதும் நிற்பதும் அந்தச் சிறிய இடத்தில் கிடைக்கும் பிடிமானத்தையே நம்பியிருக்கின்றன.

ஈர இலைகள் சக்கரங்களின் பாரத்தில் நசுங்கி, தண்டவாளத்தின்மேல் வழவழப்பான, கெட்டியான கரும்படலமாக இறுகிவிடுகின்றன. இலைகளில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நீரில் கரைந்து இரும்புடன் வினைபுரிவதே இதற்கு மூலம் என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினர். கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். பெருமழை இப்படலத்தைக் கழுவக்கூடும். அதிகாலைப் பனியும் தூறலுமோ அதை மேலும் வழுக்கச் செய்கின்றன. பிரேக் பிடித்ததும் சக்கரம் சுழலாமல் சறுக்கினால் அதன் விளிம்பு ஒருபுறம் தேய்ந்து தட்டையாகிவிடும், பிறகு அதைக் கடைந்து சீராக்கும்வரை வண்டியை ஓட்ட இயலாது. இதனினும் நுட்பமான இடர் சிக்னலில் உள்ளது: தண்டவாளங்களில் பாயும் சிறு மின்னோட்டத்தைச் சக்கரங்கள் இணைப்பதைக் கொண்டே வண்டி எங்குள்ளது என்று பல தடங்களில் அறிகிறார்கள்; படலம் மின்சாரத்தைத் தடுத்தால், நிற்கும் ரயிலே இல்லாததுபோல் ஆகிவிடும்.

நீராவி எஞ்சின்களின் தீப்பொறியால் புதர்கள் பற்றி எரியாதிருக்கப் பாதையோரச் சரிவுகளை ஊழியர்கள் அந்நாளில் வெட்டித் துப்புரவாக வைத்திருந்தனர்; 1968இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் அவ்வெஞ்சின்கள் ஓய்வுபெற்றபின் அப்பணி தளர்ந்தது, மரங்களும் ஓங்கின. அவற்றை அடியோடு வெட்டினால் சரிவுகளின் மண் பிடிப்பிழக்கும். எனவே நெட்வொர்க் ரயில் நிறுவனம் சிறப்பு வண்டிகளிலிருந்து 1500 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 1500 மடங்கில், நீரைப் பீய்ச்சிப் படலத்தை உரித்து, மணல் கலந்த பசையையும் பூசுகிறது. இவை நோயைத் தீர்ப்பன அல்ல, தணிப்பனவே. சால்ஸ்பரிக்கு அருகே 2021 அக்டோபர் 31 அன்று ஒரு ரயில் இத்தகைய தண்டவாளத்தில் சறுக்கி, சிவப்பு சிக்னலைத் தாண்டி மற்றொரு ரயிலின்மீது மோதியது. ஓட்டுநர் இன்னும் முன்னதாகவே பிரேக் பிடித்திருக்க வேண்டும் என்பதும் விசாரணையில் தெரியவந்தது.