கடல் கடந்த மாணவரும் கோடைக்காலப் பணியும்

கொங்கு நாட்டிலிருந்து மேற்படிப்புக்காக அயல்நாடு செல்வோர் பலர்க்குக் கோடையில் சில வாரம் உழைத்துப் பொருளீட்டுதல் இன்றியமையாததாகிறது. நிலத்தை ஈடு வைத்து அனுப்பிய பெற்றோரின் சுமை அதனால் சிறிது குறையும். உழைப்பில் இழிவில்லை. கோவை தந்த ஜி. டி. நாயுடு உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தால் மோட்டார் சைக்கிள் வாங்கினார்; 1922இல் அமெரிக்கா சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயண் கலிபோர்னியத் திராட்சைத் தோட்டங்களில் உழைத்துப் படித்தார்.

ஆயினும், வேலை தேடுமுன் அந்நாட்டுச் சட்டத்தை அறிதல் வேண்டும். பிரிட்டனில் பட்டத்துக்குப் பயில்வோர் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரமே பணியாற்றலாம். விடுமுறையில் முழு நேரமும் பணியாற்றலாம். ஆனால், ஓராண்டு முதுகலை மாணவர்க்குக் கோடை பெரும்பாலும் ஆய்வேடு எழுதும் காலம். வெயில் வந்ததனால் விடுமுறை வந்ததாகாது. ஜெர்மனியில் 2024 முதல் ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் என்பது வரம்பு. பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளர் பணி கிடைப்பின், அது இக்கணக்கில் சேராது.

வரம்பை மீறினால் விசாவும், அதனோடு படிப்பும் பறிபோகலாம்; ஈடு வைத்த நிலமும் மீளாது. ஆதலால், முதலில் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளியுங்கள். பின்னரே வேலை தேடிப் புறப்படுங்கள்.