புத்தகத்துக்கு ஒரு தரகர் தேவை

நூலகக் கட்டிடங்கள் மாடி மாடியாக உயர்கின்றன. நல்ல புத்தகத்தையும் அதற்குரிய வாசகரையும் சேர்த்து வைக்கும் வேலை மட்டும் இன்னும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அது 1931 அக்டோபர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் கிராமத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. உள்ளே நெல் மூட்டை இல்லை, புத்தகங்கள். எஸ்.வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் உருவான இந்த நடமாடும் நூலகத்துக்குப் பின்னால் இன்னொருவரும் இருந்தார்: சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகர் வரட்டும் என்று காத்திருக்காமல் அவர் ஊருக்கே புத்தகம் போக வேண்டும் என்பதுதான் வண்டியின் சேதி.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1924இல் நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் போனார். பூட்டிய அலமாரிகளைக் காவல் காப்பதல்ல நூலகர் வேலை என்ற தெளிவோடு திரும்பினார். வண்டி கிளம்பிய அதே ஆண்டில் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. புத்தகம் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளரும் உயிர். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் இது.

அவர் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக 1948இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலானது. இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம் முதல் பகுதிநேர நூலகம் வரை 4,600க்கும் மேல் உள்ளன.

எண்ணிக்கையில் குறையில்லை. உள்ளே நுழைந்து பார்த்தால்தான் வேறு காட்சி. பல நூலகங்களில் நாற்காலிகளை நிரப்புகிறவர்கள் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். வேலை தேடும் பிள்ளைகளுக்கு அமைதியான இடம் கிடைப்பது நல்ல விஷயமே. ஆனால் அவர்களில் பலர் பையில் கொண்டுவந்த கையேடுகளைத்தான் படிக்கிறார்கள். அடுத்த வரிசையில் நாவல்கள் தூசி படிந்து நிற்கின்றன.

இந்தத் தூசியைத் தட்ட எளிய வழி சிபாரிசு. "ஏதாவது நல்ல கதைப் புத்தகம் கொடுங்க" என்று ஒருவர் கேட்கும்போது அலமாரியைக் கை காட்டுவது ஒரு வகை. "கடைசியாக எது பிடித்தது?" என்று திருப்பிக் கேட்பது இன்னொரு வகை. 'பொன்னியின் செல்வன்' என்று பதில் வந்தால் 'சிவகாமியின் சபத'த்தை எடுத்துக் கொடுக்கலாம். கடலும் கப்பலும் பிடித்தவருக்கு சாண்டில்யனின் 'கடல் புறா'. கதையில் வரும் சோழர்கள் நிஜத்தில் எப்படி என்று கேட்பவருக்கு கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு தமிழிலேயே உண்டு. மூன்று வாரத்தில் ஒரு நாவல் வாசகர் வரலாற்று வாசகர் ஆகிவிடக்கூடும். ஆனால் இதற்கு நூலகரும் படித்திருக்க வேண்டும். பேச நேரமும் இருக்க வேண்டும். ஒரே ஆள் கதவைத் திறந்து, பதிவேடு எழுதி, நாளிதழ் அடுக்கும் ஊர்ப்புற நூலகத்தில் இது சுலபமல்ல.

அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளத்தான் வாசகர் வட்டங்கள். ஒருவர் தான் படித்த நூலை அறிமுகம் செய்ய, மற்றவர்கள் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் அந்த நூலுக்குக் கிராக்கி. சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' கூட்டங்களில் எழுத்தாளர்கள் வாசகர்களை நேரில் சந்திக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தனித் தளமே இருக்கிறது. 2011 நவம்பரில் இந்தக் கட்டிடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வாசகர் இருந்தால்தான் நூலகத்துக்கு வாதாட ஆள் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2022இல் வந்த நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டு போகிறார்கள். மாடுகள் இல்லை, மற்றபடி கனகசபைப் பிள்ளையின் யோசனையேதான்.

இவை எதற்கும் பெரிய செலவில்லை. வாசலருகே ஒரு மேஜை, அதில் இந்த வாரம் பத்து நூல்கள், ஒவ்வொன்றிலும் படித்தவர் ஒருவர் எழுதிய இரண்டு வரிச் சீட்டு. இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அடுத்த முறை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வாசகரே முதல் சீட்டை எழுதலாம்.