முதுகைக் காட்டும் கடிகாரம்

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீமாட்டிகளின் பதக்கக் கடிகாரத்தை ப்ரூச்சில் மாட்டித் தொங்கவிட்டால், மணி காட்டும் முகம் சட்டைப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஊரார் கண்ணில் படுவது எனாமலும் கல்லும் பதித்த பின்மூடிதான். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா மகாராணி விரும்பி வாங்கியதும் இந்த ரகமே. ஜெனீவாவின் படேக் பிலிப் செய்தது. நீல எனாமல் மேல் வைரப் பூக்கள். தனிச் சாவி இல்லாமல், தலையிலுள்ள திருகைச் சுற்றியே சாவி கொடுக்கலாம் என்பது அன்றைக்குப் புதுமை.

அந்த நீலத்தில்தான் தொழில் இருக்கிறது. முதலில் ஒரு கடைசல் இயந்திரம் தங்கத் தகட்டில் மயிரிழை போன்ற கோடுகளை வரிவரியாகக் கீறும். கதிர்களாகவோ அலைகளாகவோ அவை விரியும். கண்ணாடியைப் பொடியாக அரைத்து, நீரில் குழைத்து, அதன்மேல் பூசிச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் உலையில் வைப்பார்கள். பொடி உருகிப் படியும். ஆறியதும் அடுத்த பூச்சு, மறுபடி உலை. நீலத்துக்குக் கோபால்ட் கலப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால், உலோகமும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் சுருங்கித் தகடு வளைந்துவிடும். அதனால் உள்பக்கமும் எனாமல் பூசுவது உண்டு. மூடியைச் சற்றே சாய்த்தால், அடியிலிருக்கும் கோடுகளில் ஒளி பட்டு நீலம் அலையடிக்கும். வண்ணம் தீட்டி இந்த விளைவைக் கொண்டுவர முடியாது.

உள்ளே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் சுமார்தான். விலை குறைந்த சுவிஸ் கடிகாரங்கள் பலவற்றில் சிலிண்டர் அமைப்பு இருந்தது. அதில் ஊசலாடும் சக்கரத்தின் தண்டும் பல்சக்கரமும் ஓயாமல் உரசிக்கொள்ளும், தேய்மானம் அதிகம். உருவம் சிறியதாக இருப்பதால் துல்லியமும் குறைவு. நாளுக்குச் சில நிமிடம் பிசகினாலும் அணிந்தவர்கள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. வாங்கியது நகை, நேரம் கூடவே வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் கைக்கடிகாரம் பரவவே இவை பெட்டிக்குள் போயின.

உங்கள் கைக்கு ஒன்று வந்தால், பளபளப்பாக்கப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். மீயொலித் தொட்டியிலும் இறக்காதீர்கள். எனாமலில் மயிரிழை விரிசல் இருந்தால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். காய்ந்த எண்ணெயோடு ஓட விடுவதும் கூடாது. பழைய கடிகாரம் பழகிய ஒருவரிடம் காட்டிச் சுத்தம் செய்த பிறகே சாவி கொடுங்கள்.