படை எண் கிடைத்த பிறகு

“எங்கப்பா பட்டாளத்துக்குப் போனாரு, திரும்பி வரல.” 84 வயதான என் பாட்டி தம் தந்தையைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். வேலூர்ப் பக்கத்திலிருந்து மதராஸ் சேப்பர்ஸ் படையில் சேர்ந்து, 1941ல் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர் அவர். பாட்டி பிறந்த செய்தி அவருக்கு எட்டியதா என்பதுகூடத் தெரியாது. இறந்த நாள் தெரியாததால் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று படையல் போடுவார்கள்.

சென்ற விடுமுறையில் அவரைத் தேடினேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில், இரு உலகப் போர்களிலும் மாண்ட வீரர்களின் விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், நினைவிடம் எல்லாம் இருக்கும். இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூட உண்டு.

சிக்கல் பெயரில்தான். ‘முத்துசாமி’ என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? ‘டி’யா, ‘டிஎச்’சா? ‘எஸ்’ ஒன்றா, இரண்டா? முடிவில் ‘ஐ’யா, ‘ஒய்’யா? எழுத்தர் காதில் விழுந்ததே பதிவு. ஒரே பெயரில் நூறு பேர் வேறு.

ஊரில் இருக்கும் பெரிய மாமா, தகரப் பெட்டியைக் குடைந்து ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொள்ளுப்பாட்டி வாங்கிய குடும்ப பென்ஷனின் தாள். அதில் கொள்ளுத்தாத்தாவின் படை எண் இருந்தது. எண்ணுக்கு எழுத்துப்பிழைத் தொல்லை இல்லை. தட்டியதும் ஒரே ஒருவர் வந்தார். உங்கள் வீட்டிலும் பழைய பென்ஷன் தாள், பதக்கம், கடிதம் ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், இணையம் பிறகு.

இறந்த நாள்: 15 பிப்ரவரி 1942. சிங்கப்பூர் சரணடைந்த நாள். அன்றுதான் இறந்தாரா, அன்றோடு அவரைப் பற்றிய கணக்கு நின்றுபோனதா? பதிவில் விளக்கமில்லை. நினைவிடம்: கிராஞ்சி. தனிக் கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. திருமணமாகி இங்கு வந்த பாட்டி, உட்லண்ட்சில் வசிக்கிறார். இரண்டே எம்ஆர்டி நிறுத்தம்!

திதியை மாற்றலாமா என்று அம்மா கேட்டார். “ஆடி அமாவாசையே இருக்கட்டும்” என்றார் பாட்டி. சுவரில் பெயர் உள்ள வரிசையின் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்.

உயிர் பிழைத்தவர்களை இந்தத் தளத்தில் தேடிப் பயனில்லை. இந்திய ராணுவத்தில் அந்தந்தப் படைப்பிரிவுக்கென ஆவண அலுவலகம் உண்டு. மதராஸ் சேப்பர்சுக்கு அது பெங்களூரில் இருக்கிறது.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் கடினம். என் தோழியின் கொள்ளுத்தாத்தா பேராக்கில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்திலிருந்து நேரே அந்தப் படைக்குப் போனவர். பிரிட்டிஷார் கொடுத்த எண் அவருக்கு ஏது? அந்தப் படையில் மாண்டோருக்காக எஸ்பிளனேடில் 1945ல் எழுப்பிய நினைவுச்சின்னத்தையும், திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டில் தகர்த்துவிட்டார்கள். பெயர்களை இத்தனை கவனமாகக் காத்த அதே அரசு செய்த வேலை இது.

தோழி இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் தேடுகிறாள். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானியர் காலம் பற்றித் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். விரிவுரை முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் அவற்றைக் கேட்கிறாள். மூன்றாவது நேர்காணலில் அவள் தேடும் தோட்டத்தின் பெயர் வந்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் இன்னும் வரவில்லை.