உங்களுக்குத் தெரியுமா? கறுப்புத் திரையில் நிற்கும் லெப்டொப்

“நானா, புது விண்டோஸ் போட்ட. இப்ப கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து மட்டும்தான் வார.”

அக்குறணையில் இந்த வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். பக்கத்தில் நிற்பவர் யோசிக்காமல் சொல்லும் பதிலும் பழகிப்போனது: “ஃபோமட் பண்ணோணும்.” அந்த ஒரு சொல்லால் கல்யாணப் படங்களும், உயர்தரப் பரீட்சைக் குறிப்புகளும், கடைக் கணக்குகளும் போயிருக்கின்றன. அவற்றில் அநேகம் அழிந்திருக்கத் தேவையே இல்லை. அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதும் பூட்லோடர் பற்றியே.

◆

மின்சாரம் கொடுத்த கணத்தில் கணினியின் நினைவகம் வெறுமையாக இருக்கும். விண்டோஸ் எங்கே, லினக்ஸ் எங்கே என்று அதற்கு ஒன்றும் தெரியாது. ‘குறித்த இடத்துக்குப் போ, அங்கே இருப்பதை இயக்கு’ என்ற அளவில்தான் தாய்ப்பலகையில் எழுதியிருக்கும். அந்த இடத்தில் காத்திருக்கும் சின்ன நிரல்தான் பூட்லோடர். இயங்குதளத்தின் விலாசத்தைத் தேடிப் பிடித்து, அதை நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பைக் கையளித்துவிட்டு விலகிவிடும். விலாசம் தவறிப்போனால் கதவு திறக்காது. வீடு இடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

◆

தாய்ப்பலகை நிரலாகப் பயோஸ் உள்ள பழைய கணினிகளில் பூட்லோடருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு தெரியுமா? வட்டின் முதல் துண்டு 512 பைட். அதில் 64 பைட் வட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிச்சம் 446. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் பிடிக்கும். ஆகவே 148 குறியீடுகளுக்குத்தான் இடம். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், தமிழில் மூன்று நான்கு வரி எழுதினாலே அந்த இடம் நிரம்பிவிடும். ஒரு முழுக் கணினியின் விழிப்பே அவ்வளவு சின்ன இடத்தில்தான் தங்கியிருந்தது.

◆

1975இல் வந்த அல்டேர் 8800 கணினியில் இந்தத் தொடக்க நிரலை மனிதர்தான் ஊட்ட வேண்டும். முன்பலகையிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி ஒவ்வொரு பைட்டாக ஏற்றுவார்கள். ஒரு தட்டு பிழைத்தாலே நிரல் ஓடாது.

◆

ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் தாக்கியதும் இந்தத் தொடக்கத் துண்டைத்தான். 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ அது. ஃப்ளொப்பித் தட்டின் பூட் துண்டில் தான் உட்கார்ந்துகொண்டு, அங்கே முன்னர் இருந்ததை வேறிடத்துக்கு நகர்த்திவிடும். தங்கள் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்.

◆

கண்டியின் மலையொன்றின் பெயரில் ஓர் இயங்குதளம் உண்டு. ‘ஹந்தானை லினக்ஸ்’ 2009இல் வெளிவந்தது. ஃபெடோராவை அடித்தளமாக வைத்து இலங்கையர் உருவாக்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே தெரியும் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

◆

கண்டியிலிருந்து அக்குறணைக்கு வருபவர்கள் கட்டுகஸ்தோட்டையைக் கடக்காமல் வரமாட்டார்கள். அங்கே ஒரு வீதி குருநாகலுக்குப் பிரியும், மற்றது மாத்தளைக்கு. ஒரே லெப்டொப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் பூட்லோடர் அந்தச் சந்தியின் பெயர்ப்பலகை மாதிரி. பயோஸ் கணினியில் விண்டோஸைத் திரும்ப நிறுவினால் அது பலகையைக் கழற்றிவிட்டுத் தன் பெயரை மட்டும் மாட்டிவிடும். லினக்ஸ் வட்டில் அப்படியே இருக்கும், போகும் வழிதான் காணாமல் போயிருக்கும். ஆகவே முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். ஒழுங்கு மாறிப்போனால், லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி ‘கிரப்’ பூட்லோடரை மட்டும் திரும்ப நிறுவினால் போதும்.

◆

இதன் மறுபக்கம், அதே பயோஸ் கணினியில்: லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே அதன் பிரிவை அழித்துவிடுகிறார்கள். அடுத்த முறை தொடக்கினால் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று ஒரு வரி வந்து நிற்கும். காரணம் எளியது. கிரப்பின் தலை வட்டின் முதல் துண்டில் இருக்கிறது. உடல் இருந்ததோ அழித்த பிரிவில். தலை உடலைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை. விண்டோஸ் பென் டிரைவைச் செருகி, ‘கணினியைப் பழுதுபார்’ என்பதன் வழியாகக் கட்டளைச் சாளரத்துக்குப் போய், ‘பூட்ரெக்’ கருவியால் முதல் துண்டைத் திரும்ப எழுதச் சொன்னால் தீர்ந்தது.

◆

கிரப்புக்கு முன் லினக்ஸ்காரர்கள் நம்பியிருந்தது ‘லைலோ’. அது தொடங்கும்போது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். எந்த எழுத்தோடு நின்றதோ, அதை வைத்தே பழுது எந்தப் படியில் என்று கண்டுபிடிக்கலாம். நான்கும் வந்தால் எல்லாம் சரி. இவ்வளவு சுருக்கமாகவும் நேர்மையாகவும் பிழையைச் சொன்ன நிரலை நான் வேறு பார்த்ததில்லை. லினக்ஸின் கருவான கேர்னலைப் புதிதாகப் போட்ட பிறகு லைலோவை ஒரு தடவை திரும்ப இயக்க மறந்தால் கணினி எழும்பாது. அதுதான் அதன் பெருங்குறை. 2015 முடிவோடு அதன் வளர்ச்சி நின்றுபோனது.

◆

ஒரே பென் டிரைவ், பூட் பட்டியலில் இரண்டு தரம் தெரிவதைக் கண்டிருக்கிறீர்களா? ஒன்றின் முன்னால், பயோஸுக்குப் பின் வந்த புதிய முறையான ‘யூஇஎஃப்ஐ’யின் பெயர் இருக்கும், மற்றதில் இருக்காது. எதைத் தெரிவு செய்கிறீர்களோ அந்த முறையில்தான் நிறுவியும் ஓடும். பழைய முறையில் உள்ளே போய்விட்டு, ஜிபிடி என்ற புதிய பிரிவு அட்டவணை கொண்ட வட்டில் விண்டோஸை ஏற்றப் பார்த்தால், ‘இந்த வட்டில் நிறுவ முடியாது’ என்று மறுத்துவிடும். அந்த இடத்தில்தான் பலர் எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். வேண்டாம். வெளியே வந்து, பட்டியலில் மற்றப் பெயரைத் தெரிவு செய்யுங்கள். அநேகமாக அவ்வளவுதான்.

வட்டு பழைய எம்பிஆர் முறையில் இருந்தால்? அதை அழிக்காமலே ஜிபிடியாக மாற்றும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி 2017 முதல் விண்டோஸ் 10க்குள்ளேயே வருகிறது. மாற்றிய கையோடு பயோஸிலும் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். மறந்தால் மறுபடியும் கறுப்புத் திரைதான்.

◆

நிறுவி ஓடுகிறது, ஆனால் வட்டுப் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. “எஸ்எஸ்டி செத்துப் போச்சு” என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கியவர்கள் உண்டு. இன்டெல்லின் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பல லெப்டொப்களில் ‘விஎம்டி’ என்ற அமைப்பு இயங்கியபடி வரும். அதற்குரிய டிரைவர் இல்லாமல் விண்டோஸ் நிறுவியின் கண்ணுக்கு வட்டு தெரியாது. டிரைவரைப் பென் டிரைவில் போட்டு நிறுவியிடம் காட்டினால் வட்டு அங்கேயே இருக்கும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் இந்த அமைப்பைச் சும்மா மாற்றிப் பார்க்கவும் கூடாது, நீலத் திரை வந்து நிற்கும்.

◆

வட்டின் ஓரத்தில் பெயரில்லாமல் 100 எம்பி அளவில் ஒரு பிரிவு இருக்கும். யூஇஎஃப்ஐ கணினியில் விண்டோஸின் பூட்லோடர் குடியிருப்பது அங்கேதான். உபயோகமில்லாத துண்டு என்று நினைத்து அதை அழித்தால், ‘சி’ டிரைவில் ஒரு கோப்புக்கும் சேதமில்லாமலே கணினி எழும்ப மறுக்கும். அந்தச் சிறு பிரிவைத் திரும்ப உருவாக்கி, ‘பிசிடிபூட்’ என்ற ஒற்றைக் கட்டளையைக் கொடுத்தால் பூட் கோப்புகள் எல்லாம் மறுபடி எழுதப்பட்டுவிடும்.

◆

2022 மார்ச் 31 உங்களுக்கு மறந்திருக்காது. இலங்கையில் அன்று 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெட்டரி போன லெப்டொப்பைச் சார்ஜரில் மாட்டியே ஓட்டுபவர்கள், இயங்குதளம் மேம்படும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் என்ன பாடு படுவார்கள்! பூட் கோப்புகள் பாதி எழுதிய நிலையில் நின்றுபோவது மிகக் கெட்ட இடம். பெட்டரி பாதிக்கு மேல் நிற்கும் வேளையில், அல்லது யூபிஎஸ் இருந்தால் மட்டும் மேம்படுத்துங்கள். விண்டோஸில் மேம்படுத்திய பின் 10 நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

◆

தாய்ப்பலகையில் ஒரு நாணயம் அளவுக்கு 3 வோல்ட் பெட்டரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் சிஆர்2032. அது தீர்ந்தால் பழைய கணினிகளில் திகதி பல வருடம் பின்னே போய்விடும், பூட் முறையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். நேற்றுவரை ஓடிய கணினி இன்று ‘இயங்குதளம் இல்லை’ என்று சொன்னால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

◆

உபுண்டுவில் மேம்படுத்தல் முடிந்து ‘கேர்னல் பனிக்’ வருகிறதா? பூட் கோப்புகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பழைய கேர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அந்தப் பிரிவு நிரம்பிவிடும். புதிய கேர்னல் வந்து உட்காரும், அதற்குத் துணையான தொடக்கக் கோப்பை எழுத இடமிருக்காது. துணையில்லாமல் கேர்னலுக்கு வட்டைக் கண்டுகொள்ளத் தெரியாது. கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை (யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசையை) அழுத்தினால் கிரப் பட்டியல் வரும். அதன் மேலதிகத் தெரிவுகளில் பழைய கேர்னல் அப்படியே காத்திருக்கும். அதில் நுழைந்து, தேவையற்ற கேர்னல்களை நீக்கி, தொடக்கக் கோப்பைத் திரும்ப உருவாக்குங்கள். லினக்ஸ் பாவிக்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே பழக வேண்டிய கதவு இது.

◆

பிழை எப்போதும் நம்முடையதாக இருப்பதில்லை. 2013 ஜனவரியில் சில சம்சுங் லெப்டொப்கள் உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்ததற்கே எழும்பாமல் போயின. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 சில லெனோவோ லெப்டொப்களின் பயோஸைக் கெடுத்ததால் பதிவிறக்கமே நிறுத்தப்பட்டது. 2020 ஜூலையில் கிரப்பில் ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டை வெளியானது. அதை அடைக்க வந்த திருத்தமே ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் கணினிகள் பலவற்றை எழும்பவிடாமல் செய்தது. 2024 ஓகஸ்ட் விண்டோஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு, லினக்ஸும் சேர்ந்திருந்த பல கணினிகள் ‘ஏதோ பாரதூரமான தவறு நடந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டி நின்றன. நம்பகமான பூட்லோடரை மட்டும் ஓடவிடும் ‘செக்யூர் பூட்’ காவலை அணைத்தால் லினக்ஸுக்குள் போக முடிந்தது. முறையான தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது.

◆

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய லெப்டொப்பை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதனால்தான் வீட்டுக்கு வீடு இப்போது இந்த நிறுவும் வேலை நடக்கிறது. இன்னொன்று: செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசொஃப்ட் 2011இல் வழங்கிய சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. அன்றைக்கே கணினி நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழ் ஏறாத கணினிக்குப் பூட் தொடர்பான பாதுகாப்புத் திருத்தங்கள் பிறகு கிடைக்காது. மேம்படுத்தல்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

◆

பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகருக்குள் வந்த நாட்களில் நனைந்த லெப்டொப்புக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதை ஓன் பண்ணிப் பார்க்கவே கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டாலும் அப்படித்தான். இவை வன்பொருளின் பழுது, பூட்லோடரின் பழுது அல்ல.

◆

48 இலக்கங்கள். விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லொக்கரின் மீட்புச் சாவி அவ்வளவு நீளம். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நிறுவினால், பல லெப்டொப்களில் வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடும், நமக்குத் தெரியாமலே. பிறகு பயோஸில் எதையாவது மாற்றினால் அந்தச் சாவியைக் கேட்கும். இல்லையென்றால் படங்களும் குறிப்புகளும் உள்ளே இருந்தும் எடுக்க வழியில்லை. இந்தப் பக்கத்தில் திரும்பப் பெற முடியாத இழப்பு என்று நான் பயப்படுவது இதற்குத்தான். உங்கள் கணக்கின் பக்கத்தில் சாவி இருக்கும். இன்றே கடதாசியில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

◆

லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். வட்டில் ஒன்றையும் தொடாமல், எழும்பாத விண்டோஸின் கோப்புகளைத் திறந்து (பிட்லொக்கர் பூட்டியிருந்தால் அந்தச் சாவியோடு) வெளி வட்டுக்குப் பிரதி எடுக்கலாம். செலவு ஒரு பென் டிரைவ். அடுத்த முறை கடையில் “ஃபோமட் பண்ணட்டுமா?” என்று கேட்டால், “முதல்ல லினக்ஸ் பென் டிரைவ் போட்டு என்ட ஃபைல் எல்லாம் எடுத்துத் தாங்க” என்று சொல்லுங்கள்.